கண்ணைப் பறிக்கும் பெயர்

பிள்ளைக்குச் செடிகொடியின் பெயர் வைப்பதென்றால் நம்மவர்கள் முதலில் மோந்து பார்ப்பார்கள். முல்லை, மல்லிகை, செண்பகம் என்று மணக்கிற வரிசை ஒன்று. பார்க்கக் குளிர்ச்சியான தாமரை, அல்லி, குமுதம் இன்னொன்று. வேம்பும் வில்வமும் கடம்பும் சாமியைச் சேர்ந்தவை. அவை வேம்பம்மாளாகவும் வில்வநாதனாகவும் கடம்பனாகவும் தொட்டிலேறின. மருதமுத்துவும் புன்னைவனமும் நிழல் கொடுத்த மரங்களின் பிள்ளைகள். இந்தப் பந்தியில் எங்கே உட்கார வைப்பதென்று தெரியாத பெயர் ஒன்று உண்டு. அந்த மரத்தின் பூவை யாரும் தலையில் வைத்துக்கொள்வதில்லை. காயைத் தின்ன முடியாது. கிளையை ஒடித்தால் வடிகிற பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அந்த மரத்தின் பெயரைத்தான் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆசையோடு பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். தில்லை.

எத்தனை விதமாக அது விரிகிறது! தில்லைநாயகம், தில்லையம்பலம், தில்லைநடராசன், தில்லைநாதன், தில்லைக்கூத்தன், தில்லைக்கோவிந்தன். பெண் பிறந்தால் தில்லைநாயகி, தில்லையம்மாள், தில்லைக்கரசி, தில்லைக்கண்ணு. பத்திரத்திலும் பள்ளிச் சான்றிதழிலும் இப்படி நீண்டு கிடக்கும் பெயர், வீட்டுக்குள் நுழைந்ததும் வாலை உதிர்த்துவிடும். அண்ணனும் தில்லை, அக்காவும் தில்லை. ஆண்பால் பெண்பால் விகுதி ஏதும் ஒட்டாத சொல் என்பதால் யாரும் உடுத்திக்கொள்ளலாம். சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பேச்சில் கடைசி ஐகாரம் தேய்ந்து அகரமாகும். "ஏ தில்ல, அம்மா கூப்பிடுது பாரு" என்று தெருவின் இந்தக் கோடியில் குரல் எழுந்தால் அந்தக் கோடியில் விளையாடுகிற பிள்ளை திரும்பிப் பார்க்கும். கூப்பிடுவதற்கென்றே செய்த பெயர்.

வாயில் போட்டுப் பார்த்தால் இன்னும் சுவை தெரியும். நாக்கு பல்லைத் தொட்டுத் தொடங்குகிறது, இரட்டை லகரத்தில் ஒரு கணம் மேலே தங்குகிறது, பிறகு விட்டுவிடுகிறது. 'சிதம்பரம்' என்பதில் இருக்கிற தாளக்கட்டு இதில் இல்லை. இது இழுத்துப் பாடுவதற்கு ஏற்ற சொல். இதன் ஓசைக்குத் தமிழில் உறவுக்காரர்கள் அதிகம்: முல்லை, நெல்லை, எல்லை, கொல்லை, தொல்லை, இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இப்படியோர் எதுகையைச் சும்மா விடுவார்களா? தில்லை என்று பெயர் வைத்துக்கொண்டு தொல்லை என்ற பட்டம் வாங்காமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் இருந்தால் அவர் கொடுத்து வைத்தவர். எனக்கு இந்த உறவுகளில் கடைசிச் சொல்தான் பிடிக்கும். தில்லையின் முதல் மெய்யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இல்லை. சிதம்பர ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டுகிற இடத்திலும் உருவம் ஏதும் இல்லை. பொன்னால் செய்த வில்வ மாலை தொங்குகிற வெறும் வெளிதான். இது மொழி தற்செயலாகச் செய்த வேடிக்கை. சொல்லாராய்ச்சி என்று யாரும் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

மரத்துக்கு வருவோம். தில்லை கழிமுகத்து மரம். உப்புநீர் ஏறி இறங்குகிற சதுப்பின் ஓரத்தில், கரைமேட்டை ஒட்டி வளர்வது. சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் கிடக்கிற பிச்சாவரம் காட்டில் அதைப் பார்க்கலாம். அங்கே முன்வரிசை அதற்கில்லை. படகில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, கால்களை அகட்டித் தண்ணீரில் நிற்கிற சுரபுன்னை. எண்ணிக்கையில் மிகுதி கண்டல் மரங்கள். 1975இல் வந்த 'இதயக்கனி' படத்தின் கேமரா சுற்றிச் சுற்றி எடுத்ததும் அந்தச் சுரபுன்னைக் கால்களைத்தான். தில்லைக்கு அப்படித் தூக்கிய கால்களோ, சேற்றிலிருந்து குத்திட்டு நிற்கிற மூச்சுவேர்களோ கிடையாது. அதன் வேர்கள் தரையோடு தரையாகப் பின்னி ஓடும். பார்த்தவுடன் இதற்கா இத்தனை பேர் என்று தோன்றும்.

நின்று பார்த்தால் கதை வேறு. இலை தடித்து, பளபளவென்று, ஓரத்தில் இருந்தும் இல்லாததுமான பல் வைத்திருக்கும். துளிர் இளஞ்சிவப்பாக வரும், பிறகு பச்சையாகும், உதிரப் போகும்போது மறுபடி செம்மஞ்சளும் செம்மையுமாக மாறும். மற்ற சதுப்பு மரங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுக்க ஒரே பச்சையில் நிற்கையில், இது பருவம் வந்ததும் நிறம் மாறி இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். பனையைப் போல இதிலும் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்மரத்தில் பூக்கள் மஞ்சள் கலந்த பச்சையில் சரம் சரமாகத் தொங்கும். பெண்மரத்துச் சரம் குட்டை. காய் மூன்று பிரிவாக, சிறிய ஆமணக்குக் காயின் சாயலில் இருக்கும். ஆமணக்கின் குடும்பம்தான் இது. பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பதும், மரம் ஆணும் பெண்ணுமாகப் பிரிந்து நிற்பதும் நல்ல பொருத்தம்.

அந்தப் பால்தான் இதன் உலகப் புகழுக்குக் காரணம். தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகவாவது பார்வையைக் கெடுக்கும். கிழக்கிந்தியத் தீவுகளில் டச்சுக் கம்பெனியின் பணியில் இருந்த ரம்பியஸ் என்ற தாவர அறிஞர், அம்போன் தீவில் இதைப் பார்த்துக் குருடாக்கும் மரம் என்றே லத்தீனில் பெயரிட்டு எழுதி வைத்தார். அவருக்கே 1670இல் இரண்டு கண்ணும் போயின. மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நோயால் போன கண். பார்வை போன பிறகும் பிறரிடம் சொல்லி எழுத வைத்து நூலை முடித்தார். அவர் இறந்து ஏறத்தாழ 40 ஆண்டு கழித்து, 1741 முதல் அது அச்சில் வந்தது. 1759இல் லின்னேயஸ் வைத்த எக்ஸ்கோகேரியா அகலோச்சா என்ற பெயரின் முதல் பாதியும் கண் போவதைத்தான் சொல்கிறது. இரண்டாம் பாதி அகிலைக் குறிக்கிறது! இதன் கட்டையை மணக்கும் அகிலோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டதன் மிச்சம் அது. மணமில்லாத மரத்துக்குத் தமிழன் மணமில்லாமலே ஒரு பெயர் வைத்தான். லத்தீன்காரர் இல்லாத மணத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்.

சுந்தரவனத்தில் இதற்குக் கேவா என்று பெயர். மென்மையான வெள்ளைக் கட்டை என்பதால் வங்கதேசத்தின் குல்னாவில் 1959இல் தொடங்கிய பத்திரிகைத்தாள் ஆலை இதைத்தான் அரைத்துத் தாளாக்கியது. 2002இல் அந்த ஆலை மூடப்பட்டது. நாற்பது ஆண்டுக்கும் மேலாகத் தில்லையின் மேல் செய்தி அச்சடித்துப் படித்திருக்கிறார்கள். நாம் அதைப் பாட்டில் மட்டும் படித்துக்கொண்டிருந்தோம்.

பாட்டு என்றேன் அல்லவா, அங்கேதான் உண்மையான விருந்து. கோயிலும் கூத்தனும் பெயரெடுப்பதற்கு முன்பே சங்கப் புலவர்கள் இந்த மரத்தைத் தெரிந்து வைத்திருந்தார்கள். போகிற போக்கில் பார்த்த பார்வை அது இல்லை. கிட்டே நின்று பார்த்தது. ஐங்குறுநூற்றின் நெய்தல் பாட்டொன்றில் அம்மூவனார் ஓர் ஊரைத் தில்லை வேலி சூழ்ந்த ஊர் என்கிறார். இத்தனை அழகான மரங்கள் இருக்க, வேலிக்கு ஏன் தில்லை? ஒடித்தால் பால் கொட்டுகிற மரத்தின் மேல் கைவைக்க யாருக்கும் யோசனை வரும். காவலுக்கு இதைவிட எது வேண்டும்? அந்தப் பாட்டு அலர் எழுந்துவிட்ட ஊரைப் பற்றியது. ஊரைச் சுற்றி இப்படிப்பட்ட வேலி இருந்தும் பேச்சைத் தடுக்க முடியவில்லை என்று புலவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். நற்றிணையின் 195ஆம் பாட்டில் நீர்நாய்க் குட்டி ஒன்று கழியில் கொழுத்த மீனைத் தின்றுவிட்டுத் தில்லைப் புதருக்குள் போய்ப் படுத்துத் தூங்குகிறது. மனிதன் தயங்குகிற இடத்தில் நீர்நாய்க்குப் பாதுகாப்பான படுக்கை. கடற்கரைச் சதுப்பில் கொஞ்ச நாளாவது வாழ்ந்தவன்தான் இதைப் பாட்டில் வைக்க முடியும்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற 99 பூக்களிலும் தில்லை இருக்கிறது. மலைநாட்டுப் பெண்கள் பாறையில் குவித்த பூக்களுக்குள் கழிமுகத்துப் பூ எப்படி வந்தது என்று கேட்டால் கபிலர் பதில் சொல்ல மாட்டார். பாலைக்கும் முல்லைக்கும் பக்கத்தில் ஓசைக்குப் பொருத்தமாக அதை நிறுத்தியிருக்கிறார். எனக்கு அது போதும். கலித்தொகையின் 133ஆம் பாட்டு முண்டகத்தையும் தில்லையையும் ஒன்றாக மணல்மேட்டுக்கு அணிகலனாகப் பூட்டிவிட்டு, அங்கே தொங்குகிற தாழம்பழத்தை, மரத்தடியில் அமர்ந்த கடவுள் மரத்தில் மாட்டி வைத்த நீர்க்கரகத்துக்கு ஒப்பிடுகிறது. உரைகாரர்கள் அந்தக் கடவுளை ஆலின்கீழ் அமர்ந்த சிவன் என்று கொள்கிறார்கள். தில்லையும் சிவனும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிட்டார்கள், நடராசர் இன்னும் வரவில்லை.

எல்லாவற்றிலும் என் வாக்கு புறநானூற்றின் 252ஆம் பாட்டுக்குத்தான். பாடியவர் மாரிப்பித்தியார். ஒருவன் காட்டில் தாளி இலை பறித்துக்கொண்டிருக்கிறான், தவசி. அருவியில் குளித்துக் குளித்து நிறம் மாறிப்போன அவன் சடைக்குப் புலவர் சொல்லும் உவமை தில்லை. இதே ஆள் ஒரு காலத்தில் பேச்சையே வலையாக வீசி, வீட்டுக்குள் உலவும் மயில் போன்ற பெண்களைப் பிடித்த வேடன் என்று பாட்டு முடியும். பாட்டின் நயம் அந்த வேடனில் இருப்பதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அந்தச் சடையை விட்டு நகர மாட்டேன். நிறம் மாறியதைச் சொல்ல, நிறம் மாறுகிற மரத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார். துளிரும்போதும் சிவந்து உதிரும்போதும் செம்மையேறி, பளபளப்புக் குன்றித் தெரிகிற தில்லை இலையைப் பார்த்தவர்களுக்கு, எண்ணெய் காணாத சடையின் செம்பட்டை நிறம் உடனே தெரியும். இலையை உதிர்த்துவிட்டு நிற்கிற மரம், ஆசையை உதிர்த்துவிட்டு நிற்கிற ஆள். ஓர் உவமைக்குள் இத்தனையையும் வைத்துவிட்டு, எதையும் விளக்காமல் தாளி இலை பறிக்கப் போய்விட்டார் மாரிப்பித்தியார். இந்தத் தவசிக்கும் பின்னால் வந்த கூத்தனுக்கும் எந்த ஒட்டும் இல்லை. ஆனாலும் தில்லையையும் சடையையும் முதலில் சேர்த்து வைத்த புண்ணியம் இந்தப் பாட்டுக்கு உண்டு.

பிறகு காடு ஊராயிற்று. தில்லை மரங்கள் மண்டிய வனம் தில்லைவனம், அதற்குள் ஒரு சிறிய அம்பலம், அம்பலத்தில் ஆடுகிறவன். சைவர்களுக்கு வெறும் 'கோயில்' என்றாலே அது தில்லைதான். சுந்தரர் அடியார்களின் பெயர்களை அடுக்கத் தொடங்கும்போது முதலில் நிற்பவர்கள் தில்லைவாழ் அந்தணர்கள். முதலாம் பராந்தகன் அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தபின் பொன்னம்பலம் என்ற பெயரும் ஊன்றிக்கொண்டது. அம்பலம், சபை, கூத்து, பொன் என்று இந்த ஊர் தமிழர்களுக்குக் கொடுத்த பெயர்கள் ஏராளம்: அம்பலவாணன், சபாபதி, சபாநாயகம், கனகசபை, பொன்னம்பலம், சிற்றம்பலம், நடராசன், சிவகாமி. இத்தனை பேரிலும் மண்ணிலிருந்து முளைத்தது தில்லை ஒன்றுதான். மற்றவையெல்லாம் கட்டடமும் பட்டமும்.

ஊருக்கு இன்னொரு பெயர் பெரும்பற்றப்புலியூர். வியாக்கிரபாதர் என்ற முனிவர் விடியுமுன் மரமேறி, வண்டு தொடாத பூவைப் பறித்து வழிபடுவதற்காகப் புலியின் காலைக் கேட்டு வாங்கியதாகக் கதை. காலோடு நிற்காமல் இருட்டில் பார்க்கக் கண்ணையும் கேட்டார் என்கிறது புராணம். கதையைக் கேட்டவர்கள் புலிக்காலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். தில்லைக் காட்டில் மரமேற நினைக்கிறவன் கண்ணைப் பற்றிக் கவலைப்படுவதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது! புராணக்காரர் இந்த மரத்தின் பாலை மனத்தில் வைத்துத்தான் எழுதினாரா என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு இந்தப் பொருத்தம் ருசிக்கிறது. காணுதல்தான் சிதம்பரத்தில் எல்லாமே. மார்கழித் திருவாதிரையன்று கூடுகிற கூட்டம் ஆருத்ரா தரிசனம் என்று தரிசனத்துக்காகவே கூடுகிறது. அந்தக் காட்சிக்குப் பெயர் கொடுத்ததோ கண்ணைக் கெடுக்கிற மரம்.

இன்று நகரத்துக்குள் தில்லைவனத்தைத் தேடினால் கடைத்தெருவும் கல்யாண மண்டபமும்தான் கிடைக்கும். கடலும் கழியும் கிழக்கே தள்ளி நிற்கின்றன. மரம் கழியோடு போய்விட்டது. பெயர் ஊரோடு தங்கிவிட்டது. ஊரின் வடபுறத்தில், கூத்தில் தோற்று எல்லைக்குப் போன காளிக்கும் தில்லைக்காளி என்றே பெயர். தோற்றவளுக்கும் வென்றவனுக்கும் பெயரில் மட்டும் சரிபாதிப் பங்கு. அதே கோயிலுக்குள் பள்ளிகொண்ட கோவிந்தராசருக்கும் இதில் உரிமை உண்டு. வைணவர்கள் அவர் இடத்தைத் தில்லைத் திருச்சித்திரகூடம் என்பார்கள். அ. மாதவையா 1903இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலின் தலைப்பே 'தில்லைக் கோவிந்தன்'. சைவத்தின் தலைநகர் என்று பேரெடுத்த ஊரின் மரத்தோடு திருமாலின் பெயரைக் கோத்த அந்தப் பெயர், கதைக்குள் போகும் முன்பே ஒரு முறுவலை வரவழைக்கிறது.

பாட்டுக்காரர்களின் கணக்கும் உண்டு. சீர்காழி மூவர் என்கிறோமே, அதில் இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் 1711இல் பிறந்தது தில்லையாடியில். மாரிமுத்தாப் பிள்ளை 1712இல் பிறந்தது சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில். அடுத்தடுத்த ஆண்டு, தில்லை என்று தொடங்குகிற இரண்டு கிராமங்கள். மூத்தவரான முத்துத்தாண்டவர் பிறந்தது சீர்காழி. ஆனால் அவர் பாடியதெல்லாம் தில்லையைத்தான். மரம் பாட்டை விடவில்லை.

தில்லையாடி என்றதும் தமிழருக்கு நினைவு வருகிறவர் வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி 16 வயதில் இறந்துபோன பெண். குடும்பத்தின் பூர்வீக ஊரை முன்னால் சேர்த்துத் தில்லையாடி வள்ளியம்மை ஆனார். மறு ஆண்டு காந்தி அந்தக் கிராமத்துக்கு வந்தார். இந்தப் பெயரை நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இரண்டு செடிகள் இருப்பதைக் கவனிப்பதில்லை. வள்ளி கொடி, தில்லை மரம். ஒன்று தினைப்புனத்து மலைச்சாரலில் படர்வது, மற்றது உப்பங்கழியில் நிற்பது. குறிஞ்சியும் நெய்தலும் தமிழ்நாட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அரிது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணின் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

கடல் தாண்டிய கதை இலங்கைக்கும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்குச் சிதம்பரம் தாய்வீடு மாதிரி. ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அந்தப் போக்குவரத்தில் பெயரும் ஏறிப்போயிற்று. தில்லையம்பலம், தில்லைநாதன், தில்லைராசா என்று அங்கே எத்தனையோ பேர். பிள்ளைகள் புலம்பெயர்ந்து டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் போனபோது தகப்பன் பெயராக அது கூடவே போனது. அங்கே பெயரைக் கூப்பிடுகிறவர்கள் அதைப் படுத்துகிற பாட்டை விட்டுவிடுவோம்; நம்மூரிலேயே தில்லையைத் தில்லி என்று கேட்டு, தலைநகரத்தில் பிறந்தவரா என்று விசாரித்தவர்கள் இருக்கிறார்கள்.

சாமி வேண்டாம் என்றவர்களும் மரத்தை விடவில்லை என்பது இந்தப் பெயருக்கு ஒரு தனிப் பெருமை. திராவிட இயக்கத்து எழுத்தாளர் தில்லை வில்லாளன் பெயரைப் பாருங்கள். அம்பலமும் நடராசனும் இருக்க வேண்டிய இடத்தில் வில்லேந்திய ஒருவன் நிற்கிறான்; தில்லை அப்படியே இருக்கிறது. பக்தர் வைத்தால் அது கோயில், பகுத்தறிவாளர் வைத்தால் அது ஊர், நெய்தல் நிலத்தைப் பாடினால் அது மரம். நடுவில் புத்தகத்தின் பக்கம் போன தில்லையும் உண்டு. தமிழ்நாட்டுப் பொது நூலகத் துறையின் முதல் இயக்குநராக இருந்தவர் வே. தில்லைநாயகம், அவர் தேனி மாவட்டத்துச் சின்னமனூர்க்காரர். மலையடிவாரத்து ஊரில் கழிமுகத்து மரத்தின் பெயர்.

இத்தனையும் பேசிவிட்டுக் கடலூரை விட்டால் கடலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் ஒரு மரமும் ஒரு புலியும் உண்டு: திருப்பாதிரிப்புலியூர். பாதிரி மரத்தடியில் அம்மை தவம் செய்ததாகத் தலபுராணம், சாமி பாடலீசுவரர். அதே புலிக்கால் முனிவர் இங்கேயும் வழிபட்டிருக்கிறார். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட நாவுக்கரசர் மிதந்து வந்து கரையேறியதும் இந்த ஊரில்தான். கரையேறவிட்டகுப்பம் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாவுக்கரசர் சமணராயிருந்த காலத்துப் பெரிய பள்ளி இங்கே இருந்தது; பாடலிபுத்திரம் என்றே அதைச் சொன்னார்கள். கங்கைக் கரைப் பாடலிபுத்திரமும் இதே மரத்தால் பெயர் பெற்றதென்பது பழைய வழக்கு.

பூவென்று பார்த்தால் பாதிரி எங்கேயோ, தில்லை எங்கேயோ. வேனிலில் பூப்பது, மணப்பது, உள்ளே மென்மயிர் படர்ந்தது. நற்றிணையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ இதன் நுனியைச் செவ்வரக்கில் தோய்த்தெடுத்த ஓவியனின் தூரிகை என்கிறார். பெரும்பாணாற்றுப்படைக்காரர் யாழின் மேல் போர்த்திய தோலின் நிறத்தைச் சொல்ல, பாதிரிப் பூவை வகிர்ந்து அதன் உட்புறத்தைக் காட்டுகிறார். பூவைப் பிளந்து உள்ளே பார்த்து உவமை எடுத்த கண்! தில்லைக்குக் கிடைக்காத மணமும் நிறமும் இதற்கு இருந்தும், கடலூரில் பாதிரி என்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. பாடலீசுவரன் என்று சாமி பெயராகச் சுற்றிவளைத்துத்தான் அது வீட்டுக்குள் வர முடிந்தது. போர்த்துகீசியர் கப்பலில் வந்திறங்கிய 'பாத்ரே' தமிழில் பாதிரி ஆனபிறகு இருந்த கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போயிற்று. பூவை நினைத்து அழைத்தால் அங்கி போட்டவரல்லவா திரும்பிப் பார்ப்பார்? புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அவருக்கு வைத்த பெயர் விருத்தாசலம். ஊர்ப் பெயர்தான், அதுவும் பக்கத்து ஊர்தான். இருந்தும் பாதிரிக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. பூவின் அழகைப் பார்த்து வைத்த பெயர்கள் இனிமையானவை. ஆனால் முல்லை என்று அழைத்தால் முல்லைப்பூவோடு பொருள் நின்றுவிடும். தில்லை என்று அழைத்தால் வேலியும் நீர்நாயும் சடையும் வனமும் அம்பலமும் காளியும் கோவிந்தனும் யாழ்ப்பாணமும் ஜோகன்னஸ்பர்க்கும் வரிசையாக எழுந்து வருகின்றன. தமிழில் செடிகொடிப் பெயர்களில் இவ்வளவு பாரம் தாங்குவது வேறொன்று இல்லை என்பேன். மூன்றெழுத்து ஓசைக்குள் இது அடங்கியிருப்பதைக் கண்டு எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

இப்போது பிறக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வடமொழி எழுத்தும் எண் கணிதமும் பார்த்துப் பெயர் தேடுகிறவர்களுக்குத் தாத்தா காலத்துப் பெயராகத் தோன்றுகிறது. சுருக்கமான பெயர் வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வேண்டும், வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது, ஆனால் பொருள் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்களே, அவர்கள் கேட்கிற அத்தனையும் இதில் இருக்கிறது. பின்னால் அம்பலத்தையோ நாயகத்தையோ சேர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வெறும் தில்லை போதும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தில்லை இருந்தால், அடுத்த முறை சிதம்பரம் போகும்போது கோயிலோடு திரும்பிவிடாமல் பிச்சாவரம் வரைக்கும் கூட்டிப் போங்கள். படகோட்டுகிற அண்ணனைக் கேட்டால் கரையோரத்து மரத்தைக் காட்டுவார். பார்க்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும்; கிளையை மட்டும் ஒடிக்க வேண்டாம்.